தாருக்கு அடியில் என்ன இருக்கிறது?

ரோடு எதனால் ஆனது?

"தாரால் ஆனது" என்று சொல்வீர்கள். ரோடு கறுப்பாக இருக்கிறது. அதனால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் அது சரியான பதில் அல்ல.

குழாய் பதிக்க ரோட்டை வெட்டும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கிராமத்து ரோடாக இருந்தால், மேலே உள்ள கறுப்புப் படலத்தின் கனம் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர்தான். உங்கள் கட்டை விரல் அகலம்! அதற்குக் கீழே உடைத்த கருங்கல் இருக்கும். அது சுமார் 15 சென்டிமீட்டர். அதற்கும் கீழே சரளை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஊர் மண்.

அந்தக் கட்டை விரல் அகலக் கறுப்பிலும் எல்லாம் தார் என்று நினைக்காதீர்கள். 100 கிலோ கலவையில் தார் சுமார் 5 கிலோதான் இருக்கும். மீதி முழுவதும் சின்ன ஜல்லியும் கல்பொடியும்.

ஆகவே ரோடு என்பது கல்லும் மண்ணும். தார் அதில் ஒரு பசை. மழைக்கு ஒரு போர்வை.

இதை ஏன் சொல்கிறோம்? ரோடு போட்டு முடித்ததும் எல்லோரும் கறுப்பைத்தான் பார்க்கிறார்கள். கறுகறுவென்று பளபளத்தால் திருப்தி. மாலை போட்டுத் திறந்துவைக்கிறார்கள். அடுத்த மழையில் குழி விழுகிறது. உடனே, "தார் சரியில்லை" என்கிறார்கள்.

பல சமயங்களில் குற்றம் தாரில் இல்லை. அடியில் இருக்கிறது. அல்லது பக்கத்தில், வெட்டாமல் விட்ட வாய்க்காலில் இருக்கிறது.

எல்லா ஊருக்கும் இது பொருந்தும். ஆனால் கல்வராயன் மலைக்கு இது உயிர் போகிற விஷயம்.

மலைக்கு ஒரு வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கச்சிராயபாளையம். அங்கே கோமுகி அணை. அணையைத் தாண்டினால் மலை எழும்பி நிற்கிறது. வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. இதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயரம். மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் நீண்டு கிடக்கிறது.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர் என்பதால் இந்தப் பெயர். மரவள்ளியும் சோளமும் சாமையும் விளைவிக்கிறார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்தது 1947-ல். ஆனால் கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. அந்த ஆண்டில்தான் அரசாங்கம் அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. கீழே ஊருக்கு ஊர் பஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மேலே ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பின்தங்கலின் கடன் இன்னும் தீரவில்லை.

2019 நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் கலெக்டரைப் பார்க்க விழுப்புரம் போகவேண்டும். இப்போது கலெக்டர் அருகில் வந்துவிட்டார். ஆனால் மலை மேல் இருக்கும் குடியிருப்பிலிருந்து ரோடு வரை வருவதுதான் இன்னும் கஷ்டம். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் தூளி கட்டித் தோளில் சுமந்து வரும் குடியிருப்புகள் இந்த மலையில் உண்டு.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே பதறியது. அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றிச் சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அந்த விசாரணையில் ரோடும் முக்கிய விஷயமாகப் பேசப்பட்டது. ஒரு ரோட்டைப் பற்றிப் பேச இத்தனை சாவு விழ வேண்டியிருந்தது!

சரி, மலைக்கு ரோடு வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த மாதிரி ரோடு? எதைக் கொண்டு போடுவது? இந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறிவிடுகிறோம்.

கல் உடைத்த கதை

முதலில் கல்லைப் பற்றிப் பார்ப்போம்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து தேசத்தில் மக்காடம் என்று ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் ரோடு என்றால் அடியில் பெரிய பெரிய பாறைகளை அடுக்குவார்கள். "அது வீண் செலவு" என்றார் மக்காடம். "கல்லைச் சின்னதாக உடையுங்கள். ஒரே அளவாக உடையுங்கள். நெருக்கிப் போட்டு அழுத்தினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் விடுங்கள். மண் நனையாமல் இருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும்" என்பது அவர் கொள்கை. 1816-ல் பிரிஸ்டல் நகரத்து ரோடுகள் அவர் பொறுப்பில் வந்தன. செய்து காட்டினார். உலகமே அவரைப் பின்பற்றியது.

நம் ஊரில் கப்பி ரோடு என்று சொல்கிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான். ரோட்டோரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, பெண்கள் சுத்தியலால் ஜல்லி உடைத்த காட்சி வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் கையில் காய்த்த காய்ப்பின் மேல்தான் நம்முடைய பழைய ரோடுகள் எல்லாம் ஓடின. இன்று அந்த வேலையைக் கிரஷர் இயந்திரம் செய்கிறது.

இன்றைய கிராம ரோட்டிலும் அடுக்கு இப்படித்தான். முதலில் பெரிய எலுமிச்சம்பழ அளவுக் கல். அதை ரோலர் ஓட்டி 7.5 சென்டிமீட்டருக்கு இறுக்க வேண்டும். அதன் மேல் நெல்லிக்காய் அளவுக் கல். அதையும் அதே கனத்துக்கு இறுக்க வேண்டும். சந்துகளில் கல்பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, மறுபடி ரோலர் ஓட்ட வேண்டும். 8 டன், 10 டன் எடையுள்ள ரோலர்!

இறுகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? என்ஜினீயர்களிடம் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு ஜல்லியை எடுத்து ரோலருக்கு முன்னால் வைப்பார்கள். அது ரோட்டுக்குள் புதைந்தால் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். புதையாமல் நொறுங்கினால் ரோடு இறுகிவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

கல்லிலும் ஜாதி உண்டு. சப்பையான, நீண்ட கல் ஆகாது. பாரம் ஏறினால் குச்சி மாதிரி முறியும். நாலாபக்கமும் முனை உள்ள கல் வேண்டும். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லும் அப்படியே போட உதவாது. வழவழப்பாக இருப்பதால் ஒன்றை ஒன்று பிடிக்காது. சக்கரம் பட்டால் நழுவும்.

கல்வராயன் மலையின் பாறை கெட்டியான கருங்கல் இனம். சென்னைப் பல்லாவரத்தில் கிடைக்கும் பாறையின் பங்காளி. நிலவியல் நிபுணர்கள் இதைச் சார்னோக்கைட் என்பார்கள். பாரம் தாங்குவதில் இது கெட்டிக்காரக் கல். ஆனால் ஒரு குறை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

தார் அல்லாத தார்

நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் அல்ல!

பழைய நாளில் நிலக்கரியிலிருந்து எடுத்த தாரை ரோட்டுக்குப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் 1901-ல் ஹூலி என்ற அதிகாரி ஓர் இரும்பு ஆலைப் பக்கம் போனார். அங்கே ஒரு தார் பீப்பாய் கவிழ்ந்து கொட்டிக் கிடந்தது. அதை மறைக்க யாரோ ஆலைக் கசட்டை மேலே கொட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை, பள்ளம் இல்லை. ஹூலி அதைக் கவனித்தார். 1902-ல் அந்த முறைக்கு உரிமை வாங்கிவிட்டார். கொட்டிப்போன பீப்பாயிலிருந்து பிறந்தது இந்தத் தொழில்!

இன்று நம் ரோட்டில் இருப்பது கச்சா எண்ணெயின் கசடு. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்து எடுத்த பிறகு அடியில் மிஞ்சுகிற கறுப்புக் குழம்பு. பிட்டுமன் என்று பெயர். சென்னைக்குப் பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது கிடைக்கிறது. வழக்கம் மாறவில்லை. நாமும் தார் என்றே சொல்வோம்.

தார் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். அதனால்தான் கல்லையும் தாரையும் சூடாக்கிக் கலக்கிறார்கள். கலக்கும்போது சூடு சுமார் 150 டிகிரி. 100 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பரப்பி, ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஆறிய கலவை சரியாக இறுகாது. ஆறின தோசை மாவு அல்ல இது, மறுபடி சுட்டுக்கொள்ள!

இங்கேதான் மலைக்குக் கஷ்டம் வருகிறது. கலவை இயந்திரம் கீழே சமவெளியில் இருக்கிறது. லாரி வளைவுகளில் முக்கி முக்கி ஏற வேண்டும். நடுவில் ஒரு தூறல் வந்தால் போச்சு. கலவை ஆறிவிடும். ஆறியதைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? கொட்டிப் பரப்பிவிடுவார்கள். பார்ப்பதற்குக் கறுப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தாரைத் தண்ணீரோடு கலந்து பால் போல ஆக்கி வைக்கும் முறை இருக்கிறது. எமல்ஷன் என்பார்கள். அதைச் சூடாக்காமலே கல்லோடு கலக்கலாம். தண்ணீர் பிரிந்து ஆவியாகப் போய்விடும். தார் கல்லைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குளிர்கலவை முறைக்கு 2014-லேயே இந்திய ரோடு காங்கிரஸ் விதிமுறை வெளியிட்டுவிட்டது. விறகு வேண்டாம், புகை வேண்டாம். போட்ட பிறகு மழை பெய்யாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மலை ரோட்டில் குழி அடைப்பதற்காவது இதை ஏன் தாராளமாகப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கிறோம்.

பெரிய எதிரி

ரோட்டுக்கு லாரி எதிரி என்று நினைக்கிறோம். லாரியும் எதிரிதான். ஆனால் லாரியைவிடப் பெரிய எதிரி தண்ணீர்.

முன்னே ஒரு குறை என்று சொன்னோம் அல்லவா? அது இதுதான். கருங்கல் இனத்துக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். தண்ணீர் கசிந்து உள்ளே போய்க் கொஞ்ச நாள் தங்கிவிட்டால், கல்லின் மேல் ஒட்டியிருக்கும் தாரை அது உரித்துவிடும். கல் தனி, தார் தனி ஆகிவிடும். பிறகு பஸ் சக்கரம் ஒவ்வொரு கல்லாகக் கிளப்பிவிடும். இப்படித்தான் குழி பிறக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தக் குணம் குறைவு.

அதற்காக வேறு கல்லைத் தேடி ஓட வேண்டாம். கலவையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு நீர்த்த சுண்ணாம்பைச் சேர்த்தால் பிடிப்பு கூடும். இதற்கும் ஒரு சோதனை உண்டு. தார் பூசிய கல்லை 40 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் முழுவதும் ஊறவைத்துப் பார்ப்பார்கள். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் உரிந்தால் அந்தக் கலவை ஆகாது.

சமவெளி ரோட்டில் நடுவில் மேடு விட்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் வடிய விடுவார்கள். மலை ரோட்டில் ஒரு பக்கம் சுவர் போல மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் தண்ணீரை விட்டால் ரோட்டின் ஓரத்தையே அரித்துக்கொண்டு போகும். ஆகவே மலைப் பக்கம் வாய்க்கால் வெட்டி, அதில் தண்ணீரைச் சேர்த்து, ஆங்காங்கே குழாய்ப் பாலம் வைத்து, ரோட்டுக்கு அடியில் அந்தப் பக்கம் கடத்த வேண்டும். இறங்கும் இடத்தில் கல் அடுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பள்ளம் பறித்து, மேலே ஏறி, ரோட்டைத் தின்னும்.

வாய்க்கால் கறுப்பாக இராது. பளபளக்காது. அதைத் திறந்துவைக்க யாரும் மாலையோடு வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, பணம் போதவில்லை என்றால் முதலில் கைவைப்பது அதில்தான்!

2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயல் நினைவிருக்கிறதா? நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. அத்தகைய மழையில் கட்டை விரல் கனமுள்ள கறுப்புப் படலம் என்ன செய்யும்? அடியில் மண் நனைந்து குழைந்துவிட்டால், மேலே தங்கத் தகடு போட்டாலும் நிற்காது.

மலைக்கு எது பொருந்தும்?

நம் கருத்து இது. மலைக்கு ஒரே மாதிரி ரோடு போடக் கூடாது. ஒரே ரோட்டிலேயே இடத்துக்கு ஏற்றபடி பொருளை மாற்ற வேண்டும்.

செங்குத்தான ஏற்றம், கொண்டை ஊசி வளைவு - இங்கெல்லாம் பஸ் கியர் மாற்றித் திணறும். இறங்கும்போது பிரேக் பிடிக்கும். அந்த இழுப்பில் தார் அலை அலையாக ஒதுங்கிவிடும். ஓடை குறுக்கிடும் இடத்தில் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடும். இந்த இரண்டு இடத்துக்கும் சிமெண்டு கான்கிரீட்தான் சரி. முதல் செலவு அதிகம். ஆனால் தண்ணீரைக் கண்டு அஞ்சாது.

கான்கிரீட்டுக்குப் பொறுமை வேண்டும். சாக்கு போட்டு நனைத்து இரண்டு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். முழு பலம் வர 28 நாள். மலைக்கு இருப்பதோ ஒரே ரோடு. அதை ஒரு மாதம் அடைத்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? பாதி அகலம் பாதி அகலமாகப் போடலாம். அல்லது பேவர் பிளாக் என்ற சிமெண்டுக் கற்களை அடுக்கலாம். டவுன் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். கல் முன்பே இறுகி வருவதால், அடுக்கி அதிர்வு கொடுத்து இறுக்கியதும் வண்டி விடலாம். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். உள்ளூர் கொத்தனாரே செய்துவிடுவார்.

ஏற்றம் குறைவான, வெயில் படும், தண்ணீர் வடியும் இடங்களில் தார் ரோடு போடலாம். தடை இல்லை.

கடைசிக் குடியிருப்புகளுக்கு என்ன செய்வது? மத்திய அரசாங்கத்தின் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-ந் தேதி தொடங்கியது. அதில் சமவெளி என்றால் 500 பேர் வாழும் ஊர் என்று ஒரு கணக்கு. சில மலைப் பகுதிகளுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர். கல்வராயன் மலையில் 30 வீடு, 40 வீடு உள்ள குடியிருப்புகள் இந்தக் கணக்கு எதிலும் எட்டாது. "தார் ரோடு போடப் பணம் வரட்டும்" என்று அவர்களைக் காத்திருக்கச் சொல்வது நியாயமா? நல்ல சரளை ரோடு போட்டாலே ஆம்புலன்ஸ் போகும்.

சரளை ரோடு என்றால் செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போவது அல்ல. அது மழையில் சேறு, வெயிலில் புழுதி. சரளையில் கல்லும் மணலும் களியும் அளவாக இருக்கவேண்டும். இட்லி மாவில் உளுந்து மாதிரிதான் களி. குறைந்தால் ஒட்டாது, கூடினால் கொழகொழக்கும். அளவாகக் கலந்து, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, தார் ரோட்டைவிட அதிகமாகச் சரிவு விட்டால், அது மழையைத் தாங்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் சரளை போட்டுச் சீர்செய்ய வேண்டும். அந்த வேலை உள்ளூர் ஆட்களுக்கே கூலியாகப் போகட்டும்.

குப்பையும் நாரும்

புதுப் பொருள்களும் வந்திருக்கின்றன. அதில் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது.

மதுரைத் தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரியில் வாசுதேவன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பார்த்தார். "இதை ரோட்டில் போட்டால் என்ன?" என்று யோசித்தார். பிளாஸ்டிக்கைச் சிறு சிறு துண்டாக்கி, சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் தூவினார். பிளாஸ்டிக் இளகி, கல்லுக்கு மேல் சட்டை போட்டது போல ஒட்டிக்கொண்டது. அதன் மேல் தார் நன்றாகப் பிடித்தது. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுக் காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாதாரண ஒற்றை வழி ரோடு ஒரு கிலோமீட்டருக்கு 10 டன் தார் வேண்டுமென்றால், அதில் ஒரு டன்னுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குப்பையைச் சேர்க்கலாம் என்பது அவர் முறை. கருங்கல்லுக்குத் தண்ணீர் மேல் ஆசை என்று சொன்னோமே, இந்தப் பிளாஸ்டிக் சட்டை அதைத் தடுக்கிறது. ஆகவே கல்வராயன் மலைக் கல்லுக்கு இது பொருத்தமான மருந்து.

ஓர் எச்சரிக்கை. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் சேர்க்கவே கூடாது. சூட்டில் அது நச்சு வாயுவைக் கக்கும். வேலை செய்யும் ஆட்களின் நெஞ்சைக் கெடுக்கும்.

இன்னொரு பொருள் தேங்காய் நார்! ஆம், கயிறு திரிக்கும் அதே நார்தான். அதைப் பாய் போல நெய்து, குழைகிற மண்ணின் மேல் விரித்து, அதற்கு மேல் சரளையும் கல்லும் போடுகிறார்கள். மண் மேலே ஏறிக் கல்லோடு கலக்காமல் பாய் தடுக்கிறது. சில ஆண்டுகளில் நார் மட்கிவிடும். அதற்குள் மண் இறுகிவிடும். 2020-ல் மத்திய அரசாங்கம் 7 மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் கிராம ரோட்டில் இதைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். மலைச் சரிவில் மண் அரிக்காமல் இருக்கவும் இந்தப் பாய் உதவும். பாயின் கண்களில் புல் முளைத்துச் சரிவைப் பிடித்துக்கொள்ளும்.

காடு குறுக்கே நின்றால்

"ரோடு போடலாம், ஆனால் காட்டு இலாகா அனுமதி வேண்டும்" என்று சொல்வது வழக்கம். காட்டைக் காப்பது அவசியம். அதில் மாறுபாடு இல்லை. ஆனால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். காட்டில் வாழும் மக்களுக்கு ரோடு போன்ற வசதி செய்ய, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை எடுத்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை செய்ய வேண்டும்.

6 மீட்டர் அகலத்துக்கு இடம் எடுத்தால், ஒரு ஹெக்டேரில் ஒன்றரைக் கிலோமீட்டர் ரோடு போடலாம். எத்தனையோ குடியிருப்புகளுக்கு ரோடு எட்டாமல் இருப்பது இந்த ஒன்றரைக் கிலோமீட்டரால்தான். இதற்கு டெல்லி வரை போக வேண்டாம். கிராம சபை கூடித் தீர்மானம் போட வேண்டும். கிராம சபையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலகையைப் படியுங்கள்

கடைசியாக ஒரு விஷயம். பிரதம மந்திரி திட்டத்தில் போட்ட ரோட்டின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டிருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்! ரோட்டின் நீளம், செலவு, கண்டிராக்டர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எந்த அடுக்கில் என்ன பொருள், எத்தனை கனம், எவ்வளவு அளவு என்பதும் அந்த ஊர் மொழியிலேயே இருக்க வேண்டும். இது விதி.

ரோடு போட்ட கண்டிராக்டரே 5 ஆண்டு அதைப் பராமரிக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் விதி. ஆகவே மூன்றாவது ஆண்டில் குழி விழுந்தால், "பணம் இல்லை" என்று யாரும் கையை விரிக்க முடியாது. கைப்போனில் படம் எடுத்து அனுப்பிப் புகார் செய்ய, 2015 முதல் "மேரி சடக்" என்ற வசதியும் இருக்கிறது. இந்திப் பெயர். "என் ரோடு" என்று அர்த்தம்.

முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் இந்த மலையிலும் மலையடிவாரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் படித்துப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. கல் 15 சென்டிமீட்டர் என்று பலகையில் இருக்கிறதா? வேலை நடக்கும்போது ஓரத்தில் ஒரு குச்சியை வைத்து அளந்து பாருங்கள். தார் போட்டு மூடிய பிறகு அளக்க முடியாது.

பழைய ரோடுகளுக்கு என்ன செய்வது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். அதற்குள் மலை ரோட்டின் வாய்க்கால்களில் விழுந்து கிடக்கும் மண்ணையும் இலைக் குப்பையையும் வார வேண்டும். அடைபட்ட குழாய்ப் பாலங்களைத் திறந்துவிட வேண்டும். இதற்குத் தார் வேண்டாம், ஜல்லி வேண்டாம். மண்வெட்டியும் கூலி ஆட்களும் வேண்டும். இந்த வேலையை ஆண்டுதோறும் செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.